விரலில் 99

ஜனவரி 9, இரவு

கார்பன் மோனாக்சைடு மூச்சில் போய் அண்ணன் ஆஸ்பத்திரியில். விரலில் மாட்டிய கருவி, ரத்தத்தில் ஆக்சிஜன் 99 சதவீதம் என்று காட்டுகிறது. அதைப் பார்த்து அண்ணிக்குக் கொஞ்சம் தெம்பு. நான் வாயைத் திறக்கவில்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினில் ஆக்சிஜன் ஒட்டியிருக்கிறதா, கார்பன் மோனாக்சைடு ஒட்டியிருக்கிறதா என்று அந்தக் கருவிக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. ரத்தம் எடுத்துப் போயிருக்கிறார்கள். அதில் வருவதுதான் கணக்கு.

ஜனவரி 10, விடிகாலை

மாஸ்க்கில் முழு ஆக்சிஜன். வெறும் காற்று என்றால் ரத்தத்தில் உள்ள கார்பன் மோனாக்சைடு பாதியாகக் குறைய நாலைந்து மணி நேரம். இதில் ஏறக்குறைய ஒன்றேகால் மணி. அப்புறம் பாதியில் பாதி. கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து வகுத்துக்கொண்டிருக்கிறேன்.

ஜனவரி 10, மதியம்

கார்பன் மோனாக்சைடு ஏன் ஹீமோகுளோபினின் இரும்பை விடமாட்டேன் என்கிறது? கார்பன் முனையில் உள்ள எலக்ட்ரான் இணை, இரும்பின் காலி டி ஆர்பிட்டாலோடு (ஆர்பிட்டால் என்றால் எலக்ட்ரான் உலவும் இடம்) நேருக்கு நேர் மேற்பொருந்துகிறது. சிக்மா பிணைப்பு. இதோடு நின்றிருந்தால் பயமே இல்லை. எலக்ட்ரான் இணையைக் கொடுக்கும் காரம் என்று பார்த்தால் இது படு சோப்ளாங்கி. ஆனால் இரும்பிடம் பக்கவாட்டில் நிரம்பிய டி ஆர்பிட்டால்கள் இருக்கின்றன. இந்தப் பாழாய்ப்போன மூலக்கூறிடம் அவற்றுக்குத் தோதாகக் காலியான பை எதிர்பிணைப்பு ஆர்பிட்டால்கள் (எலக்ட்ரான் வந்தால் பிணைப்பைத் தளர்த்துபவை), அதுவும் கார்பன் பக்கம் பருத்து. வாங்கிய இரும்பு அந்த வழியாகத் திருப்பிக் கொடுக்கிறது. கொடுக்கக் கொடுக்க மேலும் வாங்க முடிகிறது. கொடுக்கல் வாங்கல் இரண்டும் ஒன்றையொன்று இறுக்குகின்றன. எதிர்பிணைப்பில் எலக்ட்ரான் சேர்வதால் கார்பன்–ஆக்சிஜன் பிணைப்பு தளர்கிறது: அது அதிர்வதைக் காட்டும் அகச்சிவப்பு அலை எண், தனியாக இருந்தால் செ.மீ.க்கு 2143, ஹீமோகுளோபினில் 1951; குறைந்தால் தளர்ந்தது என்று பொருள். அந்த வித்தியாசம் இப்போது அண்ணன் ரத்தத்தில் ஓடுகிறது.

ஜனவரி 10, இரவு

ரத்தப் பரிசோதனையில் கார்பன் மோனாக்சைடு எண் இறங்கியிருக்கிறது. எழுதமாட்டேன், கண் பட்டுவிடும்.

ஜனவரி 11

வேதியியலாளர் லுட்விக் மாண்ட் 1890-இல் நிக்கலோடு இதே வாயுவைச் சேர்த்து உலோகத்தையே ஆவியாக்கினார். சூடேற்றினால் நிக்கல் திரும்பக் கிடைத்துவிடும். மனுஷனைச் சூடேற்றவா முடியும்? வெளிச்சம் பட்டாலும் ஹீமோகுளோபினிலிருந்து இது கழன்றுகொள்ளும்; உடலியல் அறிஞர் ஹால்டேன் காலத்திலேயே தெரியும். தோலைத் தாண்டி எவ்வளவு போய்விடும் என்று தெரிந்தே ஜன்னல் திரையை விலக்கினேன். நர்ஸ் வந்து, "அவருக்குக் கண் கூசுதும்மா" என்று இழுத்துவிட்டுப் போனார்.

ஆக்சிஜன் போய் அதைப் பிடுங்குவதில்லை. அது தானாக விடும் கணத்தில் பக்கத்தில் யார் கூட்டமாக நிற்கிறார்களோ அவர்களுக்கு இடம். மாஸ்க்கின் வேலை அவ்வளவுதான்.

ஜனவரி 12

"என்னடி, இன்னும் வீட்டுக்குப் போகலையா?" என்றான் அண்ணன். அண்ணி வராந்தாவுக்குப் போய் அழுதார்.

ஜனவரி 14

ரத்தத்தில் எல்லாம் சரி. ஆனால் சில வாரம் கழித்துக்கூட ஞாபகம் தடுமாறலாம், கவனித்துக்கொள்ளுங்கள் என்கிறார் டாக்டர். இத்தனை நாளும் ஹீமோகுளோபினையே கட்டிக்கொண்டு அழுதேன். செல்லுக்குள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் நொதி, சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் இருக்கிறது, அதிலும் ஹீமோகுளோபினில் இருப்பது போல இரும்பைத் தாங்கும் ஹீம், அதிலும் இரும்பு. அதை யார் அளந்தார்கள்?

ஜனவரி 15

போன் நம்பரைத் தப்பில்லாமல் சொன்னான். அண்ணி பிறந்தநாளைச் சொல்லத் தெரியவில்லை. அது முன்னாடியும் தெரியாது என்கிறார் அண்ணி.