அப்பாவின்ர கொமட்

போன கிழமை எங்கட வீட்டில அறையோட சேத்து ஒரு பாத்ரூம் கட்டி முடிச்சம், கொமட் வைச்சு. இதில என்ன புதினம் எண்டு கேப்பியள். 2003ல அண்ணா வெளிநாட்டில இருந்து காசு அனுப்பிறன் வீட்டோடயே கட்டுங்கோ எண்டு சொன்னநேரம் "சாமி அறையும் குசினியும் இருக்கிற இடத்தில கக்கூஸோ" எண்டு துள்ளி விழுந்தது இதே அப்பாதான். எங்கட பக்கம் கக்கூஸ் எண்டால் வளவின்ர கோடிக்குள்ள, கிணத்தில இருந்து எவ்வளவு தள்ளியோ அவ்வளவு நல்லம். சுண்ணாம்புக்கல் நிலம், குழியில இருக்கிறது கிணத்துக்கு ஊறி வந்திடும், அதால அவர் சொன்னது முழுக்கப் பிழையுமில்லை.

இப்ப வயசு 78. முழங்கால் மடங்காது, இரவில மூண்டுதரம் எழும்பவேணும், டோர்ச்சையும் பிடிச்சுக்கொண்டு மழைக்குள்ள நடக்கவேணும். போன மாரியில வழுக்கி விழுந்தாப்பிறகு தானா வந்து "தம்பி, உந்த அறையோட ஒண்டு கட்டுவமே" எண்டார். என்ர முகத்தைப் பாக்கேல்லை, விறாந்தைத் தூணைப் பாத்துக்கொண்டு சொன்னவர்.

கம்பஸில படிக்கேக்க மனுசருக்கு எந்தத் தேவைக்குப் பிறகு எந்தத் தேவை வருமெண்டு மாஸ்லோ எண்டு ஒராளின்ர முக்கோணத்தை போர்டில கீறிக் காட்டினவை, கீழ சோறு தண்ணி, மேல போகப்போக மரியாதை, அதுக்கு மேல வேற ஏதோ. பாடமாக்கி எழுதிப் பாஸும் பண்ணினனான். பிறகுதான் தெரியும், 1943ல மனுசன் எழுதின கட்டுரையில முக்கோணமே இல்லை, அது பிறகு ஆரோ கீறினது, எல்லாருக்கும் இந்த ஒழுங்கிலதான் வருமெண்டு அவர் அடிச்சும் சொல்லேல்லை. சொல்லியிருந்தாலும் எங்கட வீட்டுக்குப் பொருந்தியிராது. 1995 ஒக்டோபர் 30 இரவு, சண்டை கிட்ட வர, யாழ்ப்பாணத்தில எங்கட வலிகாமப் பகுதியே வெளிக்கிட்டு ஓடேக்க அப்பா அரிசி மூட்டையை விட்டிட்டு காணி உறுதி இருந்த தகரப்பெட்டியைத்தான் சைக்கிள் கரியரில கட்டினவர். அம்மா எங்கட சேர்டிபிக்கட் பைலை சேலைக்குள்ள சுத்தி வைச்சிருந்தவ. நாவற்குழிப் பாலம் தாண்டவே விடிஞ்சிட்டுது, குடையைத் தலைகீழாப் பிடிச்சு மழைத்தண்ணி ஏந்திக் குடிச்சம்.

எனக்கு அப்ப 12. உறுதி, சேர்டிபிக்கட் ஒண்டும் விளங்காது, எனக்கு வேண்டினது கரண்ட் மட்டும்தான். ஜாம் போத்தல் விளக்கில படிச்சு, சைக்கிளைக் கவிட்டு வைச்சுப் பெடலைச் சுத்தி டைனமோவில ரேடியோ கேட்டு, பனம்பழத்தைப் பிழிஞ்சு உடுப்புத் தோய்ச்ச காலம், கரண்ட் வந்தால் வாழ்க்கையில வேற ஒண்டும் கேக்கமாட்டன் எண்டு பிள்ளையாருக்குச் சொன்னது நல்ல ஞாபகம். பிள்ளையார் நம்பியிருக்கமாட்டார். 2002ல சண்டை நிண்டு, யாழ்ப்பாணத்துக்கு வாற ஏ9 பாதை திறந்த உடன எனக்கு வெளிநாடு வேணும். ரெண்டுதரம் விசா ரிஜெக்ட், ஒரு கலியாணவீட்டுக்கும் போகமாட்டன், எப்ப தம்பி போறியள் எண்டு கேப்பினம் எல்லோ. ஊரிலயே நிண்டு தோட்டம் செய்த மச்சானைப் பாத்து பாவம், இவன் இப்பிடியே முடியப்போறான் எண்டு நினைச்சனான், இப்ப எழுதவே வெக்கமா இருக்கு, அவன்ர வெங்காயத்தைத்தான் இப்ப சாப்பிடுறம்.

பிறகு கொழும்பில வேலை, சம்பளம், ஒரு கார், அதை விடுவம். 2014ல ரெயில் திரும்ப யாழ்ப்பாணம் வந்தாப்பிறகு மாதம் ஒருக்கா வாறது, பிறகு ரெண்டுதரம், கடைசியா அப்பா விழுந்ததோட வந்து நிண்டிட்டன். இப்ப எனக்கு ஞாயிறு பின்னேரம் ஃபோன் அடிக்காமல் இருந்தால் காணும். அப்பா காணி உறுதி எங்க எண்டு கேக்கிறதே இல்லை, தகரப்பெட்டிக்குள்ள இப்ப அவற்ற பிரஷர் குளிசை கிடக்கு.

மேசன் வேலை முடிச்ச அண்டு அப்பா உள்ள போய் ஒருக்கா இருந்து பாத்து, "சுவிச்சை இன்னும் கொஞ்சம் பதிச்சு வைச்சிருக்கலாம்" எண்டார். அவ்வளவுதான். விடிய ரெண்டு மணிக்கு ஃப்ளஷ் சத்தத்தில எனக்கு முழிப்பு வருது, திரும்ப அவர் கட்டிலில சரியிற சத்தம் கேக்குமட்டும் படுத்திருந்து கேட்டுக்கொண்டு இருக்கிறன்.