பத்து நாணயங்கள்

காலையிலிருந்து ஓசியோலா மெக்கார்ட்டி நினைவாகவே இருக்கிறது. அமெரிக்காவில், மிசிசிப்பியின் ஹாட்டிஸ்பர்க் ஊரில், பிறர் துணி வெளுத்தே வாழ்ந்த கறுப்பினப் பெண். நோயுற்ற உறவுக்காரரைக் கவனிக்க ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவர்.

வங்கியில் பத்து நாணயங்களை முன்னால் வைத்து, சேமிப்பை எப்படிப் பிரிக்கலாம் என்று கேட்டார்கள். சர்ச்சுக்கு ஒன்று, உறவினர் மூவருக்கு ஆளுக்கொன்று. மீதி ஆறும் சதர்ன் மிசிசிப்பி பல்கலைக்கழகத்துக்கு! 1995-ல், 87 வயதில், ஏழை மாணவர்களின் உதவித்தொகைக்காக அவர் தந்தது 1,50,000 டாலர். 1965 வரை கறுப்பின மாணவர்களையே சேர்க்காத பல்கலைக்கழகம் அது. இந்த இடத்தில்தான் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

அப்புறம், செய்தி பரவியதும் நூற்றுக்கணக்கானோர் அதே நிதியில் பணம் சேர்த்தார்கள். உயர்கல்விக்குப் பெண்கள் தரும் நன்கொடை பற்றிப் பேச்சு வந்தால், நான் முதலில் சொல்வது இவர் பெயரைத்தான்.