பூட்டியிருப்பதாக நம்பிய கோப்புறை

எங்கள் வீட்டுக் கணினி ஒருநாள் ஆன் ஆகாமல் போகவே, அதைப் பழுதுபார்க்கும் கடைக்குக் கொண்டுபோனேன். கடைத் தம்பி ஹார்டு டிஸ்கைக் கழற்றி, கேபிள் வழியாகத் தன் மடிக்கணினியில் இணைத்து, "டேட்டா எல்லாம் பத்திரமா இருக்கு சார், பாருங்க" என்று என் பெயரிலிருந்த கோப்புறையைச் சொடுக்கினார். அனுமதி இல்லை என்று ஒரு பெட்டி தோன்றியது. அதிலேயே இருந்த 'கன்டினியூ' பொத்தானை அவர் அழுத்தியதும் வீட்டுப் பத்திரத்தின் நகல், வருமான வரிக் கணக்கு, அம்மாவின் மருத்துவ அறிக்கைகள் என எல்லாம் திரையில் விரிந்தன. நான் மறைத்து வைத்திருந்த கோப்புறைகூட சற்று வெளிறிய நிறத்தில் அங்கேதான் இருந்தது. என் விண்டோஸ் கடவுச்சொல்லை அவர் கேட்கவே இல்லை. அவர் மீது எந்தத் தவறும் இல்லை. டிஸ்கில் உள்ளவை மறையாக்கம் (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றுவது, என்கிரிப்ஷன்) செய்யப்படாதவரை, அந்தக் கடவுச்சொல் நம் கணினியில் நுழைவதைத்தான் தடுக்கும் என்பது எனக்குத்தான் தெரிந்திருக்கவில்லை.

ஆதார் பிடிஎஃபுக்காவது கடவுச்சொல் இருக்கிறதே என்று தேறிக்கொள்ளவும் வழியில்லை. பெயரின் முதல் 4 ஆங்கில எழுத்துகளும் பிறந்த ஆண்டும்தான் அது என்பது ஊரறிந்த விஷயம்.

என்னுடையது விண்டோஸ் ஹோம் பதிப்பு என்பதால், புரோ பதிப்பில் வரும், டிஸ்கை மறையாக்கம் செய்யும் பிட்லாக்கர் வசதி அதில் முழுமையாக இல்லை. ஆகவே வெராகிரிப்ட் என்ற இலவச மென்பொருளை நிறுவி, 20 ஜிபி அளவில் ஒரு பெட்டகக் கோப்பை உருவாக்கினேன். உருவாக்கும்போது மவுஸைத் தாறுமாறாக அசைக்கச் சொல்கிறது. அந்த அசைவிலிருந்தும் மறையாக்கச் சாவிக்குத் தேவையான கணிக்கமுடியாத எண்களை அது திரட்டிக்கொள்கிறது. கடவுச்சொல்லைக் கொடுத்துத் திறந்தால் பெட்டகம் தனி டிரைவாகத் தோன்றும். மூடிவிட்டால், வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் பொருளற்ற ஒரே பெரிய கோப்பு மட்டுமே மிஞ்சும்.

கோப்புகளை அதற்குள் நகலெடுத்ததோடு வேலை முடியவில்லை. பழைய இடத்தில் அழித்தவற்றை மீட்பு மென்பொருளால் திரும்ப எடுக்க முடியும் என்பதால், ரீசைக்கிள் பின்னைக் காலிசெய்துவிட்டு, டிஸ்கின் வெற்றிடத்தின் மீது மீண்டும் எழுதும் சைஃபர் கட்டளையை இரவு முழுக்க ஓடவிட்டேன். டவுன்லோட்ஸ் கோப்புறையில் மட்டும் ஒரே வங்கி அறிக்கையின் மூன்று பிரதிகள் கிடந்தன.

உண்மையான சறுக்கல் நான்கு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. வாரந்தோறும் வெளி ஹார்டு டிஸ்குக்கு நகலெடுக்கும் மென்பொருள் ஒன்றை வைத்திருந்தேன். அது கோப்பின் அளவோ தேதியோ மாறியிருந்தால் மட்டுமே நகலெடுக்கும். பெட்டகத்தின் அளவு எப்போதும் அதே 20 ஜிபிதான். உள்ளே எதைச் சேர்த்தாலும் பெட்டகக் கோப்பின் தேதியை மாற்றாமல் வைப்பது வெராகிரிப்டின் இயல்பான அமைப்பு. ஆகவே வெளி டிஸ்கில் இருந்தது முதல் வாரத்து நகல் மட்டுமே. ஒரு மருத்துவக் காப்பீட்டு ரசீதைத் தேடி அந்த நகலைத் திறந்திராவிட்டால் இதை நான் கவனித்தே இருக்கமாட்டேன். அமைப்புகளில் தேதியைப் பேணும் அந்த ஒரு டிக்கை எடுத்துவிட்டேன். இப்போது மாதம் ஒருமுறை வெளி டிஸ்கில் உள்ள பெட்டகத்தையும் திறந்து கடைசியாகச் சேர்த்த கோப்பு இருக்கிறதா என்று பார்க்கிறேன்.

மறந்துபோனால் மீட்டுத்தர யாரும் இல்லாத கடவுச்சொல் அது. காகிதத்தில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, பீரோவில் பத்திரங்களோடு வைத்திருக்கிறேன். என் மனைவிக்கு இடம் தெரியும்.