கரண்டு போனால் கணினிகள் தானாக அணைய வேண்டும்: எங்கள் ஆலையில் பட்ட பாடு

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் மாலையில் இடி இறங்கினால் கரண்டு போவது புதிதல்ல. அப்படிப் போகும்போதெல்லாம் எங்கள் செம்பனை (பாமாயில்) ஆலையின் தராசு அறைக் கணினி பாதியில் அணைந்து எடைப் பதிவு கெட்டுப்போகும். குலை ஏற்றி வரும் சிறுதோட்டக்காரருக்கு அந்த எடைச் சீட்டுதான் பணம். விட மனசில்லை.

கரண்டு போனாலும் கொஞ்ச நேரம் பேட்டரியில் கணினியை ஓட்டும் யுபிஎஸ்ஸை யுஎஸ்பி கேபிளில் ஆபீஸ் கணினியோடு இணைத்து, பேட்டரி இறங்கியதும் அது மற்ற கணினிகளுக்கு ஷட்டவுன் கட்டளை அனுப்பும்படி அமைத்தது சுலபம்தான். ஆனால் கட்டளைக்குக் கிடைத்த பதில், 'ஆக்சஸ் டினைட்', அதாவது அனுமதி இல்லை. யுபிஎஸ் விற்றவரைக் கூப்பிட்டால், "அதான் யுபிஎஸ் இருக்கே அண்ணே, அப்புறம் என்ன?" என்று போனை வைத்துவிட்டார். இன்னும் ஆறவில்லை எனக்கு.

காரணத்தை நானே தேட வேண்டியதாயிற்று. டொமைன் (எல்லாக் கணினிக் கணக்குகளையும் ஓரிடத்தில் நிர்வகிக்கும் ஏற்பாடு) இல்லாத விண்டோஸ் நெட்வொர்க்கில், அட்மின் கணக்காகவே இருந்தாலும் இன்னொரு கணினியிலிருந்து வந்தால் யூஏசி என்ற விண்டோஸ் பாதுகாப்பு அதன் அதிகாரத்தைப் பறித்துவிடும். அணைய வேண்டிய கணினியின் ரெஜிஸ்ட்ரி என்ற விண்டோஸ் அமைப்புப் பட்டியலில் 'லோக்கல்அக்கவுன்ட்டோக்கன்ஃபில்டர்பாலிசி' மதிப்பை 1 ஆக்கினால் வழி திறக்கும். பாதுகாப்பைத் தளர்த்தும் வேலை இது. பாஸ்வேர்ட் பலமாக இருக்கட்டும்.

கையால் தட்டினால் கட்டளை போனது, யுபிஎஸ் மென்பொருள் அனுப்பினால் போகவில்லை. அந்த மென்பொருள் விண்டோஸின் உள்கணக்கான சிஸ்டம் கணக்கில் ஓடுகிறது. பக்கத்துக் கணினிக்கு அந்தக் கணக்கு யாரோ. எல்லாக் கணினியிலும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டில் கணக்கு உண்டாக்கி, வேலைகளைத் தானாக ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலர் வழியாகக் கட்டளையை அந்தக் கணக்கில் ஓடவிட்டேன். கணினிப் பெயருக்குப் பதில் நெட்வொர்க்கில் அதன் முகவரியான மாறாத ஐபி எண்ணைக் கொடுத்தேன்.

சரி, முடிந்தது என்று சுவர் சுவிட்சை அணைத்துப் பார்த்தால், தராசு அறை அசையவே இல்லை! ஒயரிங் செய்தவர் கணினிகளை இணைக்கும் பெட்டியான நெட்வொர்க் சுவிட்சை யுபிஎஸ்ஸில் மாட்டாமல் சாதாரண பிளக்கில் மாட்டியிருக்கிறார். கரண்டு போனதும் முதலில் சாவது அதுதான். பிறகு கட்டளை எதில் போகும்? முதலில் இதைப் பாருங்கள். வழியிலுள்ள ஒவ்வொரு பெட்டிக்கும் பேட்டரி வேண்டும்.

அடுத்த மழையில் எல்லாம் முறையாக அணைந்தன. கரண்டு வந்து பார்த்தபோது கடைசி லாரியின் எடை அப்படியே இருந்தது. கிராணி (ஆபீஸ் எழுத்தர்) என் கையைப் பிடித்துக்கொண்டார்.

சோதிக்கும்போது பிளக்கைப் பிடுங்காதீர்கள், எர்த் (ஷாக் அடிக்காமல் காக்கும் தரை இணைப்பு) போய்விடும். சுவர் சுவிட்சை மட்டும் அணையுங்கள். அணைய 60 விநாடி அவகாசம் கொடுங்கள். அதற்குள் கரண்டு திரும்பினால் அதே ஷட்டவுன் கட்டளையில் 'ஏ' (/a) போட்டு நிறுத்திவிடலாம்.