ஒட்டிக்கொண்ட கோடுகள்

பழைய மாணவர் சங்க மலருக்கு எழுதித் தரும்படி செயலாளர் மூன்று வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருந்தார். இந்த முறை அவர் கேட்கவில்லை. மாஸ்டர் காலமான செய்தியை மட்டும் அனுப்பியிருந்தார். எந்த மாஸ்டர் என்று எங்கள் காலத்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ‘சமவுயரம்’ என்றால் போதும்.

மலையென்று சொல்ல ஒரு மேடுகூட இல்லாத யாழ்ப்பாணத்தில் மலைகளைப் படிப்பித்தவர் அவர். வரைபடத்தில் ஒரே உயரமான இடங்களை இணைப்பவைதான் சமவுயரக் கோடுகள். பத்தாம் வகுப்பில் நான் கீறிய அந்தக் கோடுகளில் ஐந்தாறு ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டுவிட்டன. கொப்பியைத் தூக்கிப் பிடித்து, யன்னலோரத்து வாங்குவரை எல்லோருக்கும் காட்டினார். “ஒரே இடத்துக்கு ஆறு உயரம்! இவருடைய மலையில் ஏற யார் தயார்?” வகுப்பு சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன்; வேறு என்ன செய்வது? அன்று விழுந்த பெயர்தான் ‘ஒட்டுமாங்காய்’. போன வருடம் ரொறன்ரோ ஒன்றுகூடலில் ஒருவர் அப்படிக் கூப்பிட, பேரனுக்கு விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று.

1974இல் மலைநாட்டு ஹோட்டன் சமவெளிச் சுற்றுலா. மெயில் ரயில், பொல்காவலையில் மாறியது, விறைப்பில் சாரத்துக்குள் சுருண்டது எல்லாம் உங்களுக்கும் நினைவிருக்கும். ஒன்பது மணிக்குப் பிறகு பனிமூட்டம் ஏறிவிடும், விடியவே நடக்க வேண்டும் என்று மாஸ்டர் படித்துப் படித்துச் சொன்னார். யார் கேட்டார்கள்? புல்வெளியில் மரைக் கூட்டத்தைக் கண்டதும் அரைமணி நேரம் போயிற்று. ஓடைத் தண்ணீரில் யார் அதிக நேரம் கைவைத்திருப்பது என்ற பந்தயத்தில் இன்னும் அரைமணி. ‘சின்ன உலக முடிவு’ என்ற செங்குத்து மலைவிளிம்பில் பள்ளம் கொஞ்சம் தெரிந்தது. பெரிய உலக முடிவுக்குப் போனபோது, ஏறத்தாழ 2,900 அடிப் பள்ளம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளை வேட்டி கட்டித் தொங்கவிட்டதுபோல் பனி.

மாஸ்டர் ஏசவில்லை. ஒரு மைலை ஓரங்குலமாகக் காட்டும் இடவிளக்கப் படத்தைப் பாறையில் விரித்தார். காற்றுக்கு மூலையைப் பிடித்துக்கொண்டு நான் பக்கத்தில் இருந்தேன். கண்ணுக்குத் தெரியாததைப் படத்திலாவது காட்டலாம் என்று விரலை வைத்துக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில் நிறுத்தினார். மண்ணிறக் கோடுகள் நெருங்கி நெருங்கி, மலைவிளிம்பில் ஒன்றோடொன்று ஒட்டி, தடித்த ஒரே கீறாகக் கிடந்தன. அவர் அதைப் பார்த்தார். நானும் பார்த்தேன். செங்குத்துப் பாறையென்றால் கோடுகள் ஒட்டத்தான் செய்யும். தொண்டையைச் செருமினார். மற்றப் பெடியன்கள் குனிந்து பார்ப்பதற்குள் படத்தை மடித்து என் கையில் தந்தார். “இதை நீர் வைத்திரும்.”

பேக்கர் நீர்வீழ்ச்சிவரை அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தேன். திருப்பிக் கேட்பார் என்று ஒரு தவணை முழுக்கக் காத்திருந்தேன். கேட்கவில்லை. 1984இல் பெட்டி கட்டியபோது சான்றிதழ்களோடு அதுவும் வந்தது.

2017இல் மகளோடு மறுபடி போனேன். 1988இலேயே அது தேசிய பூங்காவாகிவிட்டது. வாசலில் பிஸ்கட் பக்கற்றின் பொலித்தீனைக்கூட உரித்து எடுத்துக்கொண்டுதான் உள்ளே விடுகிறார்கள். நல்ல காரியம். (போகிறவர்கள் வாசல் திறக்கும்போதே நில்லுங்கள், சுவெற்றரை மறக்காதீர்கள்.) ஏழரை மணிக்கு உலக முடிவில் நின்றோம். பனி இல்லை. கீழே தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகள் தீப்பெட்டிகளாகத் தெரிந்தன. மகள் படமெடுத்தாள். எனக்கு மாஸ்டரிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

யாழ்ப்பாணம் போக நாள் இருக்கவில்லை. இரண்டு வார லீவில் மூன்று கல்யாணங்கள். கொழும்பிலிருந்து தொலைபேசியில் அழைத்தேன். பெயரைச் சொன்னேன், தெரியவில்லை. எந்த வருடம் என்று சொன்னேன். அதற்கும் பதில் இல்லை. கடைசியில் வெட்கத்தை விட்டு, “ஒட்டுமாங்காய், சேர்” என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, “படம் இருக்கிறதா?” என்று கேட்டார்.

“இருக்கிறது சேர். அடுத்த முறை வரும்போது கொண்டுவந்து தருகிறேன்.”

“அவசரமில்லை” என்றார்.