கிளாடியஸ் மண்டி போடுற காட்சி

பி.ஏ. இங்கிலீஷ் பசங்களுக்கு ஷேக்ஸ்பியரோட ஹாம்லெட் நாடகம் நடத்த ஆரம்பிச்சு பல வருஷம் ஆச்சு, எப்பவும் ஒரே மாதிரிதான் நடத்துவேன், முடிவெடுக்க முடியாத இளவரசன், தள்ளிப்போட்டே எல்லாரையும் சாகக் குடுத்தவன்னு. 1948ல வந்த லாரன்ஸ் ஒலிவியர் படமும் ஆரம்பத்துலயே கிட்டத்தட்ட அப்படித்தான் சொல்லும். பரீட்சைக்கு அது போதும்.

போன வருஷம் இன்டர்னல் பேப்பரை கிளாஸ்ல காட்டி திரும்ப வாங்கி, மார்க்கையும் ஆபீஸ்ல குடுத்துட்டு, கட்டைக் கட்டும்போது ஒரு பொண்ணோட பேப்பர் கண்ணுல பட்டுச்சு. கூட்டல் தப்பு. 25க்கு 19 வரணும், நான் 14 போட்டிருக்கேன். திருத்தணும்னா ஹெச்ஓடிகிட்ட சொல்லணும், லெட்டர் எழுதணும், பிரின்சிபால் கையெழுத்து வாங்கணும், சரி நாளைக்குப் பாத்துக்கலாம்னு விட்டேன். அந்தப் பொண்ணு தினமும் குட் மார்னிங் சார்னு சொல்லிட்டுப் போகும், நான் மனசுக்குள்ளயே சாரிம்மான்னு சொல்லிக்குவேன், சொன்னதும் கொஞ்சம் லேசான மாதிரி இருக்கும். இப்படியே ரெண்டு வாரம் ஓடிப்போச்சு.

அப்பதான் மூணாவது அங்கம் மூணாவது காட்சி வந்துச்சு. அண்ணனை, அதாவது ஹாம்லெட்டோட அப்பாவைக் கொன்னு ராஜாவான கிளாடியஸ் தனியா மண்டி போட்டு ஜெபம் பண்றான், பழிவாங்க வந்த ஹாம்லெட் பின்னாடி வாளை உருவிட்டான், ஆனா ஜெபத்துல கொன்னா இவன் சொர்க்கத்துக்குப் போயிடுவானேன்னு யோசிச்சு விட்டுட்டுப் போயிடுறான். அவன் போனப்புறம்தான் கிளாடியஸ் எந்திரிச்சு, வார்த்தை மேல போகுது, நினைப்பு கீழயே கெடக்குதுன்றான். ஜெபம் பலிக்கவே இல்ல, அது ஹாம்லெட்டுக்குத் தெரியாது.

கடைசி பெஞ்ச் பையன் ஒருத்தன் கேட்டான், "சார், அவன்தான் தப்பை ஒத்துக்கிட்டானே, அப்புறம் ஏன் மன்னிப்பு கிடைக்கல?"

பதில் நாடகத்துலயே இருக்கு. கிரீடம், பதவி ஆசை, ராணியா இருந்த அண்ணன் பொண்டாட்டி, கொலை பண்ணி அடைஞ்சது எல்லாம் இன்னும் அவன்கிட்டதான் இருக்கு, அதையெல்லாம் வச்சுக்கிட்டே மன்னிப்பு கிடைக்குமான்னு அவனே கேட்டுக்குறான். ரெண்டு வேலைக்கு நடுவுல மாட்டினவன் மாதிரி எதை முதல்ல தொடங்குறதுன்னு நின்னு ரெண்டையுமே விட்டுடுறேன்னு வேற சொல்றான். ஹாம்லெட் சொன்னதுன்னா யாரும் நம்பிடுவாங்க, ஆனா சொல்றது கொலைகாரன்! ரெண்டாவது அங்கத்துல நடிகன் சொல்ற ட்ராய் கதையிலயும் ட்ராய் ராஜா கிழவன் பிரையம் தலைக்கு மேல ஓங்கின கிரேக்க வீரன் பிர்ரஸோட வாள் அப்படியே காத்துல நிக்குது. இத்தனை பேர் நிக்கிறாங்க, நான் ஒரே ஒருத்தனைக் காட்டித்தான் இத்தனை வருஷம் பாடம் நடத்தியிருக்கேன். பிர்ரஸ் நின்னது கோட்டை இடிஞ்ச சத்தத்துல, ஹாம்லெட் நின்னது சொர்க்கம் நரகம்னு போட்ட கணக்குல, கிளாடியஸுக்கு மட்டும் கையில இருக்கிறதை விட மனசு வரல.

பையனுக்கு இதை சொல்லிட்டு இருக்கும்போதே நான் எதை விடாம பிடிச்சுட்டு இருக்கேன்னு தெரிஞ்சுது. இந்த சார் திருத்தினா தப்பே வராதுன்னு டிபார்ட்மென்ட்ல எனக்கு ஒரு பேர் இருக்கு, அதான். அந்தப் பொண்ணு முகத்தைப் பாக்க முடியல, புக்கையே பாத்துப் பேசி முடிச்சேன்.

பெல் அடிச்சதும் நேரா ஹெச்ஓடி ரூமுக்குப் போனேன். ஒரு லெட்டர், ரெண்டு கையெழுத்து, அரை மணி நேரம்கூட ஆகல. அந்தப் பொண்ணைக் கூப்பிட்டு என் தப்புதாம்மான்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம நின்னுச்சு.

"பேப்பர் குடுத்த அன்னைக்கே கூட்டிப் பாத்தேன் சார். தினமும் உங்களைப் பாக்குறப்ப கேட்டுடலாம்னுதான் வருவேன், குட் மார்னிங் மட்டும் சொல்லிட்டுப் போயிடுவேன்."