யாரும் "நிறுத்து" சொல்லாத நாள்

விவாத அரங்கு (Forum Theatre) என்ற நாடக வடிவத்தில் என் வேலைக்குப் பெயர் ஜோக்கர். சிரிக்க வைக்கும் ஆள் இல்லை. சீட்டுக்கட்டில் எந்த இனத்திலும் சேராத ஒரு சீட்டு இருக்குமே, அது. நடிகர்களுக்கும் பார்க்க வந்தவர்களுக்கும் நடுவில் நிற்பேன். ஓர் அநீதியை, அது தோல்வியில் முடியும்வரை முதலில் நடித்துக் காட்டுவோம். மறுமுறை நடிக்கும்போது, பார்ப்பவர்களில் யாரும் "நிறுத்து" என்று குரல் கொடுக்கலாம். ஒடுக்கப்படுபவரின் இடத்தில் தானே ஏறி நின்று வேறு வழி முயன்று பார்க்கலாம். எதிரே நிற்கும் நடிகர் லேசில் மடங்க மாட்டார். முதலாளி திடீரென்று மனம் திருந்துவதுபோல் யாராவது கொண்டுபோனால், "இது மந்திரமா, நிஜமா?" என்று கூட்டத்தையே கேட்டுவிடுவேன்.

இதை உருவாக்கிய நாடக இயக்குநர் அகஸ்டோ போவாலை 1971இல் பிரேசில் ராணுவ ஆட்சி பிடித்துச் சித்திரவதை செய்தது. நாட்டை விட்டு வெளியேறினார். 1973இல் பெரு நாட்டில் எழுத்தறிவுத் திட்டம் ஒன்றில் அவர் இருந்தபோது, தான் சொன்னதை நடிகர்கள் சரியாகச் செய்யவில்லை என்று பார்க்க வந்த ஒரு பெண் விடாமல் மறுத்துக்கொண்டே இருந்தார். சரி, நீங்களே வந்து செய்யுங்கள் என்று அவரை மேடைக்கு அழைத்தார் போவால். ஒருவர் ஏற்றுக்கொள்ளாததிலிருந்துதான் இந்த வடிவமே பிறந்தது. இதை எத்தனையோ பயிற்சி முகாம்களில் சொல்லியிருக்கிறேன். ஆனால் எனக்கு எதிரே ஒரு கூட்டம் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தபோது, அதுவும் ஒரு மறுப்புதான் என்று தோன்றவில்லை.

ஓர் ஆலைத் தொழிலாளர்களுக்காக நடத்திய காட்சி அது. கூலி இல்லாமல் கூடுதல் நேரம் வேலை வாங்கும் மேற்பார்வையாளர், வீட்டுக்குப் போக வேண்டிய ஒரு பெண். இரண்டாம் முறை, மூன்றாம் முறை நடித்தோம். "நிறுத்து" வரவில்லை. நான் வாத்தியார் மாதிரி, "யாருக்குமே கோபம் வரவில்லையா?" என்று கேட்டேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது. வண்டியில் சாமான் ஏற்றும்போதுதான் எங்கள் நடிகை சொன்னாள்: "கடைசி வரிசையில் நீலச் சட்டை போட்டு ஒருத்தர் இருந்தாரே, அவர்தான் நிஜ மேற்பார்வையாளர்."

போவாலுக்கும் இப்படி ஓர் அடி விழுந்திருக்கிறது. பிரேசிலின் வடகிழக்கில், நிலத்துக்காக ரத்தம் சிந்துவோம் என்று அவர் குழு துப்பாக்கியோடு பாடி நடித்தது. விர்ஜீலியோ என்ற விவசாயி வந்து, வாருங்கள், நில உரிமையாளரின் ஆட்களை எதிர்த்துச் சண்டைக்குப் போவோம் என்றார். இவை மேடைத் துப்பாக்கிகள் என்றார்கள். எங்களிடம் உண்மையானவை இருக்கின்றன என்றார் அவர். நாங்கள் கலைஞர்கள் என்று இவர்கள் இழுக்க, அப்படியானால் நீங்கள் சிந்தச் சொன்னது எங்கள் ரத்தத்தைத்தானா என்று கேட்டுவிட்டார். நானும் அன்று அதைத்தான் செய்திருந்தேன். மறுநாள் காலை அந்த ஆலை வாசலில் நிற்கப்போவது நானில்லை.

அதன்பிறகு, அரங்குக்குள் யார் யார் வருகிறார்கள் என்று முதலில் விசாரிப்பேன். இது நாடகக்காரர்களின் வேலையா என்று எங்கள் குழுவிலேயே முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும்.

அதே தொழிலாளர்கள் வேறோர் இடத்தில், தாங்களே கதவைச் சாத்திக்கொண்டு மறுபடி கூப்பிட்டார்கள். "நிறுத்து" உடனே வந்தது. முதலில் ஏறியவர் வாதாடினார், தோற்றார். அடுத்தவர் சட்டம் பேசினார், அவரும் தோற்றார். பிறகு நடுத்தர வயதுப் பெண் ஒருவர் வந்தார். மேற்பார்வையாளராக நடித்தவர் கத்திக்கொண்டிருக்க, ஒரு வார்த்தை பேசாமல் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். கூட்டத்தைப் பார்த்து, பக்கத்தில் கிடந்த காலி நாற்காலியைத் தட்டினார். ஒருவர் எழுந்து வந்தார். இன்னும் இரண்டு பேர். எங்கள் நடிகருக்கு அடுத்த வசனம் வரவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

நான் எதுவும் சொல்லவில்லை. இன்னும் நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.